மயில் கழுத்துச் சேலையும் சினிமா கலரும்

கல்யாண வீட்டில் அதிகம் திட்டு வாங்குகிறவர் சமையல்காரர் என்று நீங்கள் நினைத்தால், வீடியோ தொழில் பக்கமே நீங்கள் வந்ததில்லை என்று அர்த்தம். அவரைத் திட்டுவது பந்தி முடிகிற வரைக்கும்தான். எங்களை டிவிடி தேய்கிற வரைக்கும் திட்டுவார்கள்.

கம்பத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், பாத்திரக் கடை மாடியில் இருக்கிற ஸ்டுடியோவில் நான் மிக்சிங் போடுகிறேன். கேமராவில் எடுத்து வந்ததைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வேண்டாததை வெட்டி, பாட்டுச் சேர்த்து, கலர் சரிபண்ணி டிவிடி போடுவதற்குத்தான் மிக்சிங் என்று பெயர். பன்னிரண்டாவதில் கணக்கில் பெயில். மறுபடி எழுதச் சொன்னார்கள். எழுதினாலும் அதே மார்க்தான் வரும் என்று எனக்குத் தெரியும், அதனால் எழுதவில்லை. திருப்பூரில் சித்தப்பா வேலை பார்க்கும் பனியன் கம்பெனிக்கு அனுப்பிவிடலாம் என்று அப்பா பேசிக்கொண்டிருந்தார். அவர் பேசி முடிப்பதற்குள் ஆல்பம் டிசைன் பண்ணுகிற வேலைக்கு இங்கே சேர்ந்துவிட்டேன்.

ஸ்டுடியோ சேகர் அண்ணனுடையது. அண்ணன் மதுரைக்குப் போனபோது ஒரு சிடி வாங்கி வந்தார். வீடியோவில் எடுத்த படத்தை, பிலிமில் எடுத்தது மாதிரி மாற்றிக் காட்டுகிற 'பிலிம் லுக்' அதில் இருந்தது. ஒரு பட்டனை அழுத்தினால் போதும் என்று அட்டையில் போட்டிருந்தான். அட்டையில் எழுதியவன் எங்கள் பக்கத்துக் கல்யாணம் ஒன்றையும் பார்த்திருக்க மாட்டான். அண்ணன் அதை நம்பி, 'சினிமா கலரில் கல்யாண வீடியோ' என்று வாசலில் போர்டு மாட்டினார். அன்றைக்குப் பிடித்தது சனி. பின்னால் நாலு பேர் நின்று மூச்சு விட, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கலர் மாற்றிக் கண் எரிந்தவர்கள் யாராவது இதைப் படிக்கிறீர்களா? நீங்கள் என் கூட்டாளி. உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

சூளையில் வைத்த பெண்

முதல் சினிமா கலர் கல்யாணம் கடமலைக்குண்டில். அப்போது மிக்சிங் போட்டவர் ராஜா அண்ணன். நான் பக்கத்து மேசையில் ஆல்பம் வேலையில் இருந்தேன். அவர் லுக்கை முழுசாகப் பூசிவிட்டார். இந்த லுக்கின் குணம் என்னவென்றால், வெளிச்சமான இடத்தை ஆரஞ்சுப் பக்கம் தள்ளும், இருட்டான இடத்தை நீலப் பக்கம் தள்ளும். வெளிநாட்டு முகத்துக்கு அது எப்படியோ, எனக்குத் தெரியாது. நம் ஊர்க் கல்யாணப் பெண்ணுக்கு முகத்தில் மஞ்சள், அதற்கு மேல் பவுடர், அதற்கும் மேல் வியர்வை, அதன் மேல் கேமரா லைட். அதைப் போய் ஆரஞ்சுப் பக்கம் தள்ளினால் என்ன ஆகும்? பெண் செங்கல் ஆகிவிட்டாள்.

பெண்ணின் அம்மா சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். "இது சினிமா டோன்மா, உங்களுக்குப் புரியாது" என்றார் ராஜா அண்ணன். எனக்குப் பொறுக்கவில்லை. "புரியறதுக்கு என்ன இருக்கு, மூஞ்சி செங்கலாட்டம்தான் இருக்கு" என்று என் இடத்திலிருந்தே சொல்லிவிட்டேன். ராஜா அண்ணன் என்னை முறைத்தார். அந்த அம்மா என் பக்கம் கையை நீட்டிக்கொண்டு சேகர் அண்ணனைப் பார்த்துச் சொன்னார்: "அந்தப் பிள்ளைக்குத் தெரியுது, உங்களுக்குத் தெரியலையா? நாங்க புள்ளையக் கட்டிக் குடுத்தோம், நீங்க சூளையில வச்சு எடுத்திருக்கீக."

நாற்காலி

ராஜா அண்ணன் அடுத்த வாரமே சென்னைக்குப் போய்விட்டார். என்னால் போனாரா, நல்ல வேலை கிடைத்துப் போனாரா என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. மிக்சிங் நாற்காலி காலியாக இருந்தது. தை பிறந்தாகிவிட்டது, முகூர்த்தம் வரிசையாக வருகிறது. நேரே சேகர் அண்ணனிடம் போய், "அண்ணே, நான் உக்கார்றேன்" என்றேன். பொம்பளைப் பிள்ளை மிக்சிங்கில் உட்கார்ந்து அவர் பார்த்ததில்லையாம். "ஆல்பத்துல கலர் பாக்கிற அதே கண்ணுதான இதுக்கும்" என்று கேட்டேன்.

அண்ணன் டீயைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "வைகாசி முடியிற வரைக்கும் உக்காரு. கலர் சரியில்லன்னு ஒரு டிவிடி திரும்பி வந்து, அத உன்னால நிமித்த முடியலன்னா, மதுரையில இருந்து ஆள் வருவான், நீ திருப்பூருக்கு பஸ் ஏறு. ரெண்டு டிக்கெட்டும் நானே எடுத்துத் தாரேன்."

அட்சதை

உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, முகத்தை விட மோசம் மஞ்சள். லுக் போட்டதும் தாலிக் கயிறு துருப்பிடித்த கம்பி மாதிரி ஆகிவிட்டது. புதுத் தாலிக் கயிறு அப்படித் தெரிந்தால் எந்த வீட்டில் சும்மா விடுவார்கள்? மஞ்சளை மட்டும் பிடித்து இழுத்தேன். கயிறு சரியாக வந்தது. வாழைப்பழம் காயாகிவிட்டது, மஞ்சள் அட்சதை பச்சையாகிவிட்டது. பெண்ணின் கன்னம் எலுமிச்சங்காய். கேமராமேன் பாண்டி அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார். கயிற்றைத் திருத்தினால் பழம் கெடுகிறது, பழத்தைத் திருத்தினால் முகம் கெடுகிறது. காலை முழுக்க இதே கூத்து.

எனக்குப் பொறுமை கிடையாது. ஆத்திரத்தில் போட்டதையெல்லாம் தூக்கி எறிந்துவிட்டு, லுக்கையும் எடுத்துவிட்டு வெறும் படத்தைப் பார்த்தேன். வெறும் படமே சரியில்லை! கேமரா லைட்டில் ஏற்கெனவே மஞ்சளாகத்தான் இருந்தது. லுக் அதை இன்னும் ஊதிவிட்டிருக்கிறது, அவ்வளவுதான். முகம் கழுவாமல் பவுடர் போட்டால் திட்டுத்திட்டாகத்தானே நிற்கும்? முதலில் வெறும் படத்தைச் சரிபண்ணினேன். அதற்கு மேல் லுக்கைப் போட்டேன், அதுவும் பாதி அளவுக்கும் குறைத்து. கயிறு கயிறாக இருந்தது, பழம் பழமாக இருந்தது. கழுவிவிட்டுப் பூச வேண்டும், பூசிவிட்டுக் கழுவக் கூடாது. அந்தச் சிடியின் அட்டையில் இது எங்கேயும் இல்லை, நானாகக் கண்டுபிடித்தேன். டீக்கடையிலிருந்து திரும்பிய பாண்டி அண்ணன் மறுபடி எட்டிப் பார்த்தார்: "இப்பத்தான் அது அட்சத. காலையில நான் பாத்தது பாசிப்பயறு."

வெள்ளை இல்லாத கல்யாணம்

கேமராவுக்கு எது வெள்ளை என்று முதலில் காட்டிக் கொடுக்க வேண்டும். அதற்கு ஒயிட் பேலன்ஸ் என்று பெயர். எது வெள்ளை என்று அதற்குத் தெரிந்தால்தான் மற்றக் கலரெல்லாம் ஒழுங்காக வரும். பாண்டி அண்ணன் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் பட்டு வேட்டியைக் காட்டியிருக்கிறார். பட்டு வேட்டி என்றைக்கு வெள்ளையாக இருந்தது? அது சந்தனக் கலர். சந்தனத்தை வெள்ளை என்று நம்பிய கேமரா, கல்யாணம் முழுவதையும் நீலமாக எடுத்துத் தள்ளிவிட்டது. மாப்பிள்ளையும் பெண்ணும் ஊட்டியில் நனைந்து நடுங்குகிற மாதிரி இருந்தார்கள். அதற்கு மேல் லுக்கைப் போட்டதும் உதடெல்லாம் நாவல்பழம்.

பாண்டி அண்ணனுக்கு போன் போட்டு வாய்க்கு வந்தபடி திட்டினேன். "சரி, அப்ப மாமனார் சட்டையக் காட்டுறேன், அது வெள்ளதான?" என்றார். அதுவும் வெள்ளை கிடையாது. சொட்டு நீலம் முக்கிய சட்டை. அதைக் காட்டினால் எல்லாரும் மஞ்சளாகிவிடுவார்கள். மல்லிகைப் பூவைப் பார்த்தேன், வெளிர் மஞ்சள். மண்டபத்துச் சுவர் ரோஸ். ஒரு கல்யாணத்தில் நிஜமான வெள்ளை எங்கே இருக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? நான் படம் முழுக்கத் தேடினேன். கடைசியில் மணவறைக்கு முன்னால் கிடைத்தது: கோலம். அந்தக் கோலப்பொடியைப் பிடித்துத்தான் மொத்தப் படத்தையும் இழுத்து நிமிர்த்தினேன்.

அதிலிருந்து எங்கே போனாலும் முதலில் கோலத்தைக் காட்டித்தான் கேமராவைத் திறக்க வேண்டும் என்று பாண்டி அண்ணனிடம் கறாராகச் சொல்லிவிட்டேன். கல்யாணம் ஆகாத மனுசன், மணவறைக்கு முன்னால் குனிந்துகொண்டு நிற்கிறார். அடுத்து எடுத்து வந்த டேப்பில் ஒரு பொம்பளையின் குரல் தெளிவாகப் பதிவாகியிருந்தது: "அந்தக் கேமராக்காரத் தம்பி பொண்ணப் பாக்கவே மாட்டேங்குது, கோலத்தையே பாத்துக்கிட்டு நிக்குது. கோலம் போட்ட பிள்ள யாருன்னு விசாரிங்கடி!"

காய் கலர்

கம்பத்தில் ஏலக்காய் வியாபாரம் பண்ணுகிற ராவுத்தர் ஒருவர் புது குடோன் திறந்தார். திறப்பு விழாவை நாங்கள்தான் எடுத்தோம். வடக்கே சரக்கு வாங்குகிறவர்களுக்கு டிவிடி அனுப்புவதாக இருந்தார். சினிமா கலர் வேண்டும் என்று அவரே கேட்டார். முகமெல்லாம் நன்றாக வந்திருந்தது. எனக்குப் பெருமையாகவே இருந்தது. படத்தைப் பார்க்க ஸ்டுடியோவுக்கு வந்த ராவுத்தர் முகங்களைப் பார்க்கவே இல்லை. தட்டில் கொட்டி வைத்திருந்த காய் வந்ததும், "நிறுத்து" என்றார். "இது யாரு காயி? என் காய் இல்ல இது." உற்றுப் பார்த்தேன். லுக் பச்சையை நீலத்துப் பக்கம் கொஞ்சம் தள்ளியிருந்தது. எனக்கு அது பச்சைதான். அவருக்கு அது பூசணம் பூத்துப் போன சரக்கு.

சட்டைப் பையிலிருந்து ஒரு கைப்பிடி காயை எடுத்துக் கீபோர்டு பக்கத்தில் கொட்டினார். ஸ்டுடியோவே மணந்தது. காயையும் திரையையும் மாற்றி மாற்றிப் பார்த்துப் பச்சையை மட்டும் பிடித்து இழுத்தேன். கூடவே குடோன் கதவும் கலர் மாறியது. கதவும் பச்சை பெயின்ட். "அய்யா, கதவு கலர் மாறுது" என்றேன். "கதவு எப்பிடி இருந்தா என்ன, நான் கதவா விக்கிறேன்?" என்றார். திரையில் இருக்கிற காயும் மேசையில் இருக்கிற காயும் ஒன்றாகிற வரைக்கும் அவர் உட்காரவே இல்லை. ஒன்றானதும் கிளம்பினார். கொட்டிய காயை எடுக்கவில்லை. படியில் இறங்கும்போது திரும்பிச் சொன்னார்: "பாப்பா, இங்கன வேல போச்சுன்னா எங்கிட்ட வந்துரு. காய் பிரிக்க எனக்குக் கண்ணுதான் வேணும், மார்க்கு வேண்டாம்."

கலர் டிவி

பங்குனி வெயிலில் தேவாரம் ஊரிலிருந்து, டிவிடி வாங்கிப் போன கல்யாண வீட்டார் போன் போட்டார்கள். எல்லாருடைய முகமும் செவசெவ என்று இருக்கிறதாம், சேலையெல்லாம் தீப்பிடித்த மாதிரி எரிகிறதாம். அண்ணன் என்னைப் பார்த்தார். டிக்கெட் இரண்டும் அவர் கண்ணில் தெரிந்தது. அதே டிவிடியை ஸ்டுடியோ மானிட்டரில் போட்டுக் காட்டினேன். ஒரு குறையும் இல்லை. "அங்கன போய்ப் பாப்போம்ணே" என்று பஸ் ஏறினோம். மாப்பிள்ளையின் அப்பா டிவியைப் போட்டார். அவர் சொன்னது அப்படியே உண்மை. தீதான்.

அரசாங்கம் கொடுத்த கலர் டிவி. ரிமோட்டை வாங்கிப் பார்த்தால் கலர் கோடு கடைசி வரைக்கும் ஏற்றி வைத்திருந்தது. பாதிக்குக் குறைத்தேன், படம் அழகாக வந்தது. "பாத்தீகளா, எங்க மேல தப்பில்ல" என்றேன். அவர் ரிமோட்டை என் கையிலிருந்து வாங்கி, மறுபடியும் கடைசி வரைக்கும் ஏற்றினார். "ஏன் தாத்தா ஏத்துறீக?" என்று கேட்டேன். பக்கத்து வீட்டிலும் அப்படித்தான், எதிர் வீட்டிலும் அப்படித்தான் என்றார். பிறகு, சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி பொறுமையாகச் சொன்னார்: "ஆத்தா, கலர் டிவின்னு குடுத்திருக்காக. கலரக் கொறச்சு வச்சுப் பாக்கவா குடுத்தாக?"

அம்மாவின் சீரியல்

திரும்பி வருகிற பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். அவர் சொன்னதில் என்ன தப்பு? படத்தைப் பார்க்கப் போவது அவர். என் மானிட்டரில் அழகாக இருந்து யாருக்கு என்ன பிரயோசனம்? எங்கள் வீட்டிலும் அதே டிவிதான், அதிலும் கலர் கடைசி வரைக்கும்தான். மறுநாள் அதை ஆட்டோவில் ஏற்றி ஸ்டுடியோவுக்குக் கொண்டு வந்து, கம்ப்யூட்டரோடு சேர்த்து மாட்டிவிட்டேன். கலர் கோட்டைத் தொடவே இல்லை. இனிமேல் அந்த டிவியில் எது அழகாகத் தெரிகிறதோ அதுதான் சரியான கலர். லுக்கை இன்னும் குறைத்தேன், சிவப்பை இறக்கினேன். தேவாரத்து டிவிடியை மறுபடி போட்டு அனுப்பினோம். அப்புறம் அங்கிருந்து போனே வரவில்லை.

சிக்கல் வீட்டில்தான். அம்மா காலையில் ஜீப்பில் மெட்டு மலைப்பாதை ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போய்ச் சாயங்காலம் திரும்புகிறவர். அந்த ஒரு சீரியல்தான் அவருக்கு ஓய்வு. "வைகாசி வரைக்கும் பொறும்மா" என்றேன். பொறுக்கவில்லை. ஜீப்பை விட்டு இறங்கி நேரே ஸ்டுடியோவுக்கு வந்துவிட்டார், தூக்குவாளியோடு. சேகர் அண்ணன் கீழ்க் கடையிலிருந்து கேபிள் ஒயரை இழுத்துச் சொருகி, நாற்காலி எடுத்துப் போட்டார். சீரியல் ஓடுகிற வரைக்கும் எனக்கு வேலை இல்லை. சீரியல் முடிந்ததும் நான் என் படத்தைப் போட்டால், அம்மா எழுந்து போகாமல் அதையும் பார்ப்பார். எங்கள் ஊரிலேயே அவரை விட நல்ல சோதனை ஆள் எனக்குக் கிடைக்கவில்லை. ஒரு நாள் ஒரு கல்யாணப் பெண்ணைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன்டி, இந்தப் பொண்ணுக்கு மஞ்சக்காமாலையா, இல்ல உனக்கா?"

கருப்புச் சேலை

வைகாசி முடியப் போகிற நேரத்தில், நான் பயந்துகொண்டிருந்த டிவிடி திரும்பி வந்தது. கொண்டு வந்தவர் சின்னமனூர்ப் பக்கத்து மாப்பிள்ளையின் அம்மா, அமராவதியம்மா. கூடவே புது மருமகள் தேவி. தேவியின் பிறந்த வீடு வருசநாடு. முகூர்த்தச் சேலையை மாப்பிள்ளை வீட்டில்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். அமராவதியம்மா கடை கடையாக ஏறி இறங்கி மயில் கழுத்துக் கலரில் எடுத்திருக்கிறார். ஒரு பக்கம் பார்த்தால் பச்சை, இன்னொரு பக்கம் பார்த்தால் நீலம், அப்படி நெய்த பட்டு. என் டிவிடியில் அது கருப்பாக இருந்தது.

கல்யாணத்துக்கு வந்தவர்களுக்குச் சேலை தெரியும். வராதவர்களுக்கு டிவிடிதான் தெரியும். கோயமுத்தூரில் இருக்கிற தேவியின் பெரியம்மா முழங்கால் வலியால் வரவில்லை. டிவிடியைப் பார்த்துவிட்டு, முகூர்த்தத்துக்குக் கருப்பு உடுத்தியிருக்கிறாளே என்று வருசநாடு முழுக்க போன் போட்டுவிட்டார். அமராவதியம்மா பதிலுக்குப் பேச, இரண்டு சம்பந்தி வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது. அமராவதியம்மா சேகர் அண்ணனைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தபோது, தேவி என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள். என்னை விட இரண்டு மூன்று வயதுதான் மூத்தவளாக இருப்பாள். "ஆடிக்கு என்னைய அழைக்க வர மாட்டோம்னுட்டாக. மொத ஆடி, எங்கம்மா வராம எப்பிடி?"

மயில் கழுத்து

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "நான்தான் போட்டது. நாளைக்குச் சாயங்காலம் வாங்க. அந்தச் சேலைய மட்டும் குடுத்துட்டுப் போங்க" என்றேன். அமராவதியம்மாவுக்குச் சேலையை விட்டுப் போக மனசில்லை. தேவிதான் பையிலிருந்து எடுத்து என் மேசையில் வைத்தாள். அவர்கள் படி இறங்கியதும் அண்ணன் மதுரைக்கு போன் பண்ணினார்; நான் கேட்கும்படிதான் பண்ணினார். நான் சேலையை டிவி மேல் விரித்தேன். ஜன்னல் பக்கம் பச்சை, டியூப்லைட் பக்கம் நீலம், மடிப்புக்குள் இரண்டும். வெறும் டேப்பைப் போட்டேன். அதிலும் இரண்டும் இருந்தது! கேமரா ஒழுங்காகத்தான் எடுத்திருக்கிறது. லுக் இருட்டை இன்னும் இருட்டாக்கும் அல்லவா? மடிப்பில் இருந்த பச்சையை அது விழுங்கிவிட்டது. மிச்சம் இருந்த நீலத்தையும் கருப்பில் முக்கிவிட்டது.

கழுவிவிட்டுப் பூசு. லுக்குக்குக் கீழே, வெறும் படத்தில் மடிப்பின் இருட்டை முதலில் ஏற்றினேன். பச்சையைத் தனியாகப் பிடித்தேன், நீலத்தைத் தனியாகப் பிடித்தேன். நீலத்தைப் பிடித்தால் மண்டபத்து ஜன்னல் கம்பியும் தாய்மாமன் சட்டையும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டன. கதவு என்றால் ராவுத்தர் விடுவார். தாய்மாமனை யார் விடுவார்கள்? சேலையைச் சுற்றிக் கட்டம் கட்டி, பெண் நகர நகரக் கட்டத்தையும் நகர்த்தினேன். உட்கார்ந்திருக்கிற வரைக்கும் லேசு. மணவறையைச் சுற்றி வரும்போது உயிர் போய்விட்டது. மாற்றியதையெல்லாம் கம்ப்யூட்டர் சேர்த்துப் பதிகிற ரெண்டர் பாதியில் கரண்ட் போனது. அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. கரண்ட் வந்ததும் மறுபடி போட்டேன்.

மறுநாள் சாயங்காலம் டிவி முன்னால் அமராவதியம்மா, தேவி, சேகர் அண்ணன், அவர்களுக்கு நடுவில் சீரியலுக்கு வந்துவிட்டுப் போக மறுத்த எங்கள் அம்மா. கலர் கோடு கடைசி வரைக்கும் ஏற்றியே இருந்தது. தேவி மணவறைக்கு நடந்து வந்தாள். நடக்கும்போது மடிப்பு விரிந்தால் பச்சை ஓடியது, சேர்ந்தால் நீலம் ஓடியது.  அமராவதியம்மா எழுந்து போய், திரையில் ஒரு கையும் டிவி மேல் இருந்த சேலையில் ஒரு கையும் வைத்துக்கொண்டு நின்றார். "கருப்பு எங்கனயாச்சும் இருக்கா பாருங்கம்மா" என்றேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை, மருமகளைப் பார்த்துத்தான் பேசினார்: "ஏ தேவி, இதுல இன்னொண்ணு போடச் சொல்லி வாங்கிக்கோ. உங்க பெரியம்மாவுக்கு நானே அனுப்புறேன். ஆடிக்கு அவுகளையும் கூட்டிக்கிட்டு வரச் சொல்லு, சேலைய நேர்ல பாக்கட்டும்."

புது போர்டு

ஆடி பிறந்ததும் தேவி அவள் அம்மா அப்பாவோடு பிறந்த வீட்டுக்குப் போனாள். போவதற்கு முன்னால் கம்பத்துக்கு வந்து ஸ்டுடியோ வாசலில் வண்டியை நிறுத்தி, மேலே ஏறி வந்து எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தாள். "பழுத்த பழமா, உன் மிக்சிங்ல பழுத்ததா?" என்று பாண்டி அண்ணன் கேட்டார். அவருக்குக் கொடுக்கவில்லை. மதுரைக்காரரைப் பற்றிய பேச்சை சேகர் அண்ணன் அப்புறம் எடுக்கவே இல்லை. அப்பாவும் திருப்பூர் பேச்சை எடுக்கவில்லை. எங்கள் டிவியை எப்போது திருப்பிக் கொண்டு வருவாய் என்று மட்டும் கேட்டார். ஆடியில் முகூர்த்தம் கிடையாது என்பதால் கொண்டு போய்க் கொடுத்தேன். ஆவணியில் மறுபடி எடுத்து வர வேண்டும், இன்னும் சொல்லவில்லை.

வேலை இல்லாத அந்த மாதத்தில் அண்ணன் பழைய போர்டைக் கழற்றினார். 'சேலைக் கலர் மாறாத சினிமா கலர்' என்று எழுதி, பெரிய மயில் ஒன்றைப் போட்டுத் தேனியில் பிளெக்ஸ் அடிக்கக் கொடுத்தார். வந்த பிளெக்சை விரித்தால், மயிலின் கழுத்து கத்தரிப்பூ கலரில் இருந்தது. "இத மாட்டுனா நான் மேல ஏறி வர மாட்டேன்" என்றேன். அண்ணன் பிளெக்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு கடைக்காரருக்கு போன் போட்டார்: "எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியலப்பா, நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்க மிக்சிங் பிள்ள வேண்டாங்குது. அது வேண்டாம்னா வேண்டாம்தான், வேற அடிச்சுக் குடு."

ஆக, பார்க்கிற ஊர் இது சினிமா என்று சொல்ல வேண்டும், எடுத்துக் கொடுத்த மாமியார் இது என் சேலை என்று சொல்ல வேண்டும், இரண்டு பேரும் கலர் கோட்டைக் கடைசி வரைக்கும் ஏற்றி வைத்துக்கொண்டுதான் சொல்வார்கள், இவ்வளவுதான் சினிமா கலர்.